ஸ்பீக்கர் ஒயர் வாங்கப் போறீங்களா? 'தங்க முலாம்' பேச்சில் மயங்காதீங்க!

சென்னை: சீட்டுப் பணம் எடுத்து, போனசை சேர்த்து, ஆசை ஆசையாக ஒரு ஸ்டீரியோ செட் வாங்குகிறோம். ஆம்ப்ளிபையர் ரெடி. ஸ்பீக்கர் ரெடி. பில் போடும் நேரத்தில் கடைக்காரர் கேட்பார்: "ஒயர் என்ன போடறீங்க?"

அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு பக்கம், மீட்டருக்கு சில ஆயிரம் ரூபாய் கேட்கும் பளபள கேபிள். 'இதைப் போட்டா சவுண்டே வேற லெவல் சார்' என்ற பேச்சு. இன்னொரு பக்கம், வீட்டில் கிடந்த காலிங் பெல் ஒயரையே எடுத்து மாட்டிவிடும் ஆட்கள். முதல் ஆளுக்கு பணம் போச்சு. இரண்டாவது ஆளுக்கு சத்தம் போச்சு. ஒயரை தப்பாக மாட்டினாலோ ஆம்ப்ளிபையரே போச்சு!

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லா விலையிலும் ஒயர் கிடைக்கும். எதை வாங்குவது? விஷயம் ரொம்ப சிம்பிள். மூன்றே கேள்விதான். எவ்வளவு நீளம்? எவ்வளவு கனம்? உள்ளே இருப்பது நிஜமான காப்பரா? மற்றது எல்லாம் மேல் பூச்சு.

ஒயருக்கு என்ன வேலை?

ஆம்ப்ளிபையரில் இருந்து வரும் கரண்டை ஸ்பீக்கருக்கு கொண்டு போய் சேர்ப்பதுதான் ஒயரின் வேலை. தண்ணீர் குழாய் மாதிரி நினைத்துக் கொள்ளுங்கள். குழாய் சிறுத்து, நீளம் கூடினால் கடைசி வீட்டுக்கு தண்ணீர் சொட்டு சொட்டாகத்தான் வரும். ஒயரும் அப்படித்தான். மெல்லிசாக, நீளமாக இருந்தால் வழியிலேயே கரண்டை தின்றுவிடும். இந்த 'தின்னும்' குணத்துக்குப் பெயர் ரெசிஸ்டன்ஸ். அதை அளப்பது ஓம் கணக்கில்.

ஸ்பீக்கரின் பின்னாலும் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என்று எழுதியிருக்கும். வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். முதலில் அந்த நம்பரை பார்த்து ஒரு பேப்பரில் குறித்துக் கொள்ளுங்கள். ஒயர் வாங்கப் போகும்போது அது இல்லாமல் போகாதீர்கள்.

அமெரிக்காவில் மெக்கின்டாஷ் என்ற பிரபல ஆடியோ கம்பெனியில் பல வருடம் ஸ்பீக்கர் ஆராய்ச்சி பிரிவை கவனித்தவர் ரோஜர் ரஸல். அவர் சொன்ன கணக்கு இது: ஒயரின் ரெசிஸ்டன்ஸ், ஸ்பீக்கரின் ஓமில் 5 சதவீதத்தை தாண்டக் கூடாது. அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் என்றால், ஒயர் 0.4 ஓமுக்குள் இருக்க வேண்டும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 0.2 ஓமுக்குள்.

இந்த அளவுக்குள் இருந்தால் சத்தத்தில் குறைவது அரை டெசிபல் கூட இல்லை. வீட்டில் பாட்டு கேட்கிறவர் காதுக்கு அது தெரிவது கஷ்டம். இதைத் தாண்டினால் வால்யூம் குறைவதோடு நிற்காது. ஸ்பீக்கரின் ஓம், பாட்டின் சுருதிக்கு ஏற்ப ஏறி இறங்கும். ஒயர் மெல்லிசாக இருந்தால் ஒரு சத்தம் தூக்கலாகவும், ஒரு சத்தம் அமுங்கியும் கேட்கும். பேஸ் 'தொள தொள' என்று ஆகிவிடும்.

கனம் பார்ப்பது எப்படி?

எலக்ட்ரிக்கல் கடையில் '23/76 கொடுங்க, 40/76 கொடுங்க' என்று எலக்ட்ரீசியன்கள் கேட்பதை பார்த்திருப்பீர்கள். இது ஏதோ ரகசிய பாஷை இல்லை. முதல் நம்பர், ஒயருக்குள் எத்தனை மெல்லிய இழை இருக்கிறது என்பது. இரண்டாவது நம்பர், ஒவ்வொரு இழையின் குறுக்களவு. அங்குலத்தில் பத்தாயிரத்தில் 76 பங்கு. 40/76 என்றால் அந்த அளவு இழை 40 இருக்கிறது என்று அர்த்தம்.

புதிய ஒயர்களில் 'ஸ்கொயர் எம்.எம்.' என்று போட்டிருப்பார்கள். 14/76 என்பது சுமார் 0.4 ஸ்கொயர் எம்.எம். 23/76 என்பது சுமார் 0.67. 40/76 என்பது சுமார் 1.17.

8 ஓம் ஸ்பீக்கருக்கு, ஆம்ப்ளிபையரில் இருந்து ஸ்பீக்கர் வரை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? இதோ கணக்கு. போக, வர இரண்டு கம்பியையும் சேர்த்தே கணக்கு போட்டிருக்கிறது. நீங்கள் தூரத்தை மட்டும் அளந்தால் போதும்.

* 14/76 – 4 மீட்டர் வரை (13 அடி)
* 23/76 – 7 மீட்டர் வரை (சுமார் 23 அடி)
* 40/76 – 12 மீட்டர் வரை (சுமார் 39 அடி)
* 1.5 ஸ்கொயர் எம்.எம். – 15 மீட்டர் வரை (சுமார் 49 அடி)
* 2.5 ஸ்கொயர் எம்.எம். – 25 மீட்டர் வரை (82 அடி)

உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் இந்த தூரத்தை பாதியாக்குங்கள். 6 ஓம் என்றால் முக்கால் பங்கு.

இப்போ உங்க வீட்டு ஹாலை நினைத்துப் பாருங்கள். பத்துக்கு பன்னிரண்டு ஹாலில் சுவர் ஓரமாக சுற்றி இழுத்தாலும் ஒரு ஸ்பீக்கருக்கு 15, 20 அடிக்கு மேல் போகாது. 40/76 ஒயர் தாராளமாக போதும். 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலும் 19 அடி வரை கவலை இல்லை. இதற்கு மேல் கனமான ஒயர் போட்டால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. சுண்டு விரல் தண்டி கேபிள் எல்லாம் பார்வைக்குத்தான்!

'அப்போ கோயில் திருவிழாவுல தெரு முழுக்க மெல்லிசு ஒயர்ல கூம்பு ஸ்பீக்கர் கட்டறாங்களே, அது எப்படி?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே பெரும்பாலும் 100 வோல்ட் லைன் முறை. ஆம்ப்ளிபையரில் வோல்டேஜை ஏற்றி, ஒவ்வொரு கூம்பிலும் சின்ன டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்குவார்கள். வோல்டேஜ் கூடும்போது ஒயரில் ஓடும் கரண்ட் குறையும். அதனால் மெல்லிய ஒயரே தாங்கும். வீட்டு ஸ்டீரியோவில் அந்த ஏற்பாடு கிடையாது. அந்த ஒயரைப் பார்த்து இங்கே காப்பி அடிக்காதீர்கள்.

காப்பரா, டூப்பா?

சந்தையில் இப்போது பெரிய தொல்லை இதுதான். பார்க்க தகதக என்று செம்பு நிறம். உள்ளே அலுமினியம்! மேலே மட்டும் காப்பர் பூச்சு. 'சி.சி.ஏ.' என்று ரோலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். போடாமலும் விற்பார்கள்.

அலுமினியம் பாட்டு பாடாது என்று இல்லை. ஆனால் காப்பர் கடத்தும் கரண்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். 1.5 ஸ்கொயர் எம்.எம். என்று சி.சி.ஏ. ஒயர் வாங்கினால், 1 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர் மாதிரிதான் வேலை செய்யும். தெரிந்து, குறைந்த விலைக்கு, ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் தப்பில்லை. காப்பர் விலைக்கு வாங்கினால் ஏமாந்தோம் என்று அர்த்தம். மடக்கி மடக்கி நீட்டினால் சீக்கிரம் ஒடியும், சோல்டரிங்கும் சரியாக பிடிக்காது என்பது கூடுதல் தலைவலி.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் காப்பர். வெள்ளையாக தெரிந்தால் அலுமினியம். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். காப்பர், அலுமினியத்தைவிட 3 மடங்குக்கு மேல் கனம். பெரிய சுருள் பஞ்சு மாதிரி லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு. அதை தொடவே வேண்டாம்.

இன்னொரு வித்தை, கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக் உறை. உருண்டையான அந்த உறை பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். உள்ளே இருக்கும் காப்பர் நிஜத்தைவிட கனமாக தெரியும். எனவே வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள். முனையை உரித்து, இழைகளை முறுக்கிப் பார்த்து வாங்குங்கள். 'சும்மா ஒரு இஞ்ச் உரிச்சு காட்டுங்கண்ணே' என்று கேட்பதில் வெட்கம் என்ன? காசு கொடுப்பது நாம்தானே!

ஆக்சிஜன் இல்லாத காப்பர், தங்க முலாம்... தேவையா?

'ஆக்சிஜன் ப்ரீ காப்பர்' என்று ஒயரில் கொட்டை எழுத்தில் இருக்கும். நல்ல காப்பர்தான். ஆனால் சாதாரண எலக்ட்ரிக்கல் காப்பரே 99.9 சதவீதம் சுத்தமானது. இரண்டுக்கும் கரண்ட் கடத்துவதில் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதம் அளவுதான். விலை கொஞ்சம் கூட என்றால் வாங்கலாம். பல மடங்கு என்றால் வேண்டாம்.

தங்க முலாம் பூசிய பின்? தங்கம் காப்பரைவிட நன்றாக கரண்ட் கடத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. வெள்ளிக்கு முதல் இடம், காப்பருக்கு இரண்டாவது இடம், தங்கத்துக்கு மூன்றாவது இடம்தான்! தங்கத்துக்கு உள்ள நல்ல குணம், அது கறுக்காது, களிம்பு பிடிக்காது என்பதுதான். கடற்கரை பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது ஓரளவு பயன். மற்றபடி வருடத்துக்கு ஒரு முறை ஒயர் முனையை வெட்டி, புதிதாக உரித்து மாட்டினால் அதே பலன் இலவசம்.

சில கேபிளில் அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம்தான் சவுண்ட் போகணும்' என்பார்கள். பாட்டு என்பது ஒயரில் நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் கரண்ட். அதற்கு ஏது ஒருவழிப் பாதை?

10 லட்சம் டாலர் பந்தயம்

விலை உயர்ந்த கேபிளில் சத்தம் நன்றாக இருக்கிறதா என்ற சண்டை உலகம் முழுக்க உண்டு. 2007-ம் ஆண்டு அமெரிக்காவில் இது பெரிய பந்தயம் வரை போனது. ஜேம்ஸ் ரேண்டி என்பவர் மேஜிக் கலைஞர். 'அதிசய சக்தி' என்று சொல்லும் போலிகளின் குட்டை உடைப்பதில் பேர் போனவர். அப்போது 12 அடி நீள ஜோடி ஸ்பீக்கர் கேபிள் ஒன்றின் விலை 7 ஆயிரத்து 250 டாலர்! 'இதற்கும் சாதாரண கேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தை, எது எது என்று தெரியாமல், காதால் மட்டும் கேட்டு சொல்லுங்கள். 10 லட்சம் டாலர் தருகிறேன்' என்று சவால் விட்டார் ரேண்டி.

கேபிள் தயாரித்த கம்பெனி பின்வாங்கிவிட்டது. சோதனையே நடக்கவில்லை. அந்த 10 லட்சம் டாலர் கடைசி வரை யார் கைக்கும் போகவில்லை.

நீங்களும் வீட்டில் சோதனை செய்யலாம். உங்களுக்கு தெரியாமல் வேறு ஒருவரை ஒயர் மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிபையரை ஆப் செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரே பாட்டு, ஒரே வால்யூம். பத்து முறை கேட்டு, எத்தனை முறை சரியாக சொல்கிறீர்கள் என்று பாருங்கள். விலை தெரிந்து கேட்கும்போது காது பொய் சொல்லும். தெரியாமல் கேட்கும்போதுதான் உண்மை வரும்.

மாட்டும்போது உஷார்!

ஒயர் வாங்குவதைவிட மாட்டுவதில்தான் ஆபத்து அதிகம். ஒரே ஒரு இழை தவறிப் போய் பக்கத்து டெர்மினலை தொட்டால் ஷார்ட். கரண்ட் ஸ்பீக்கருக்கு போகாமல் ஆம்ப்ளிபையருக்கே திரும்பி ஓடும். 'பட்' என்று ஒரு சத்தம். உள்ளே எஸ்.டி.கே. ஐ.சி.யோ, அவுட்புட் டிரான்சிஸ்டரோ காலி. அசெம்பிள் செட்டுகளில் பலவற்றில் பாதுகாப்பு சர்க்யூட் இருக்காது. சில ரூபாய் டேப் ஒட்டாததற்கு மெக்கானிக்கிடம் பெரிய தொகை அழ வேண்டி வரும்.

எனவே இதை எல்லாம் கவனியுங்கள்.

* ஆம்ப்ளிபையரை ஆப் செய்து, பிளக்கை பிடுங்கிய பிறகே ஒயரில் கை வையுங்கள்.
* முனையில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் உரியுங்கள். அதற்கு மேல் உரித்தால் வெளியே தெரிந்து ஷார்ட் ஆகும். எல்லா இழையையும் சேர்த்து நன்றாக முறுக்குங்கள்.
* சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்பு. ஒயரில் ஒரு பக்கம் கோடு இருக்கும். அந்தக் கோடு போட்ட கம்பியை இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே பக்கம் மாட்டுங்கள். ஒன்றில் மட்டும் மாறிப் போனால் ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் காணாமல் போய்விடும். பலர் 'ஒயர் சரியில்லை' என்று புலம்புவதற்கு காரணம் இதுதான்.
* பிளஸ் எது என்று தெரியாவிட்டால், ஒயரை ஆம்ப்ளிபையரில் இருந்து கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். ஊபர் வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட கம்பிதான் பிளஸ்.
* இடது, வலது ஸ்பீக்கரின் கறுப்பு கம்பிகளை ஒன்றாக சேர்த்து ஒயரை மிச்சம் பிடிக்காதீர்கள். பல ஆம்ப்ளிபையர்களில் கறுப்பு டெர்மினலிலும் சிக்னல் உண்டு. சேர்த்தால் செட் புகைந்துவிடும்.
* மாட்டி முடித்ததும் ஆம்ப்ளிபையர் பக்கம் இன்னும் சொருகாமல், மல்டி மீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 6, 7 என்று காட்டினால் சரி. பூஜ்யம் காட்டினால் எங்கோ ஷார்ட். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ கட். மீட்டர் இல்லையா? தெரிந்த எலக்ட்ரீசியனை கூப்பிட்டு பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

உயிரோடு விளையாடாதீங்க

கடைசியாக ஒன்று. இது சத்தம் சம்பந்தப்பட்டது இல்லை. உயிர் சம்பந்தப்பட்டது.

ஸ்பீக்கர் ஒயரின் முனையில் வீட்டு கரண்டுக்கு போடும் 2 பின் பிளக்கை மாட்டி, ஸ்பீக்கர் பெட்டியில் அதற்கான சாக்கெட்டை வைக்கும் பழக்கம் மைக் செட் ஆட்களிடமும், சில வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. கழற்றி மாட்ட வசதி என்பார்கள். ஆனால் சுவரில் இருக்கும் சாக்கெட்டும் அதே பிளக்கைத்தான் வாங்கும்! விவரம் தெரியாத பிள்ளையோ, ஊரில் இருந்து வந்த உறவினரோ அதை எடுத்து சுவரில் சொருகினால் 230 வோல்ட் நேராக ஸ்பீக்கருக்குள் பாயும். காயில் கருகும், தீ பிடிக்கலாம். மறுமுனையில் உரித்த கம்பியை யாராவது கையில் பிடித்திருந்தால்? நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அப்படி ஒரு ஒயர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்று இரவே அந்த பிளக்கை வெட்டி எறியுங்கள். ஸ்பீக்கருக்கு என்றே தனி டெர்மினல், தனி பின் எல்லாம் கடைகளில் கிடைக்கிறது.

அதேபோல, வீட்டு ஒயரிங் ஓடும் பைப்புக்குள்ளேயே ஸ்பீக்கர் ஒயரையும் நுழைக்காதீர்கள். உறை பழுதானால், எலி கடித்தால், 230 வோல்ட் ஆம்ப்ளிபையருக்குள் வந்துவிடும். தனி பட்டி அடித்து, தள்ளி கொண்டு போங்கள். குறுக்கே தாண்ட வேண்டி வந்தால் கூட்டல் குறி மாதிரி நேர் குறுக்காக தாண்டுங்கள்.

மொத்தத்தில் கணக்கு இதுதான். தூரத்தை அளந்து கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் ஓம் பாருங்கள். சுரண்டிப் பார்த்து நல்ல காப்பர் ஒயர் வாங்குங்கள். நம் ஹாலுக்கு 40/76 போதும். மிச்சம் ஆகிற பணத்தை கொஞ்சம் நல்ல ஸ்பீக்கருக்கு போடுங்கள். சத்தத்தில் வித்தியாசம் தெரிவது அங்கேதான்.

அதற்கும் மேல் மிச்சம் இருந்தால், வீட்டு அம்மாவுக்கு பிடித்த பாட்டாக பார்த்து முதலில் போடுங்கள். 'இதுக்கா இவ்வளவு செலவு?' என்ற கேள்வி வராது!